பள்ளியில் பெண்ணுக்குப் பாகுபாடு: சட்டம் எதைத் தடுக்கும், எதை விட்டுவிடும்?

நம் மலேசியாவின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஆறு பேர் பெண்கள். இடைநிலைப் பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவு வந்த மறுநாள் நாளிதழில் வரும் படங்களைப் பார்த்தாலும் அதே கதைதான். அதனால் கல்வியில் பாலினப் பாகுபாடு என்று பேச்செடுத்தால், “அதெல்லாம் பாட்டி காலத்து விஷயம்” என்று கோலாலம்பூரில் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். நானும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. எதைப் படிக்க விடுகிறார்கள், யாரை எந்தக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது வேறு கேள்வி.

பாகுபாடு என்றால் என்ன? ஒருவரின் தகுதியோடு சம்பந்தமில்லாத ஒன்றைக் காரணமாக்கி வாய்ப்பை மறுப்பது, அல்லது குறைத்துக் கொடுப்பது. மதிப்பெண் போதாமல் மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை என்றால் அது பாகுபாடு அல்ல. மதிப்பெண் இருந்தும், “நீ கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிடுவாய், இடம் வீணாகும்” என்று மறுத்தால் அது பாகுபாடு. இதை நேரடிப் பாகுபாடு என்பார்கள். இன்னொரு வகை உண்டு. விதி எல்லாருக்கும் பொது போலத்தான் இருக்கும். அடி மட்டும் ஒரு பக்கத்தில்தான் அதிகம் விழும். அது மறைமுகப் பாகுபாடு. இந்த இரண்டாவது வகையைக் கண்டுபிடிப்பதும் கடினம், நீதிமன்றத்தில் நிரூபிப்பது அதைவிடக் கடினம்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், செந்தூல்காரி. எஸ்பிஎம் முடித்ததும் வாகனப் பழுதுபார்ப்புத் துறையில் சேர ஒரு பயிற்சிக் கல்லூரிக்குப் போனாள். பள்ளியிலேயே அப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டியவள். நேர்காணலில் இருந்தவர் அவளுடைய சான்றிதழைப் பார்த்துவிட்டு, ரொம்ப அன்பாகவே, “பெண்பிள்ளைக்குக் கையில் கிரீஸ் எதற்கு? சமையல் கலையில் இடம் காலியாக இருக்கிறது” என்றாராம். கூடப் போன அம்மாவும் தலையாட்டிவிட்டார். பாரத்தில் வேறு கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வந்தார்கள். யாரும் அவளை வெளியே போ என்று சொல்லவில்லை. கணக்கெடுப்பில் அவளும் உயர்கல்வி பெறும் ஒரு பெண்தான்.

இதைச் சட்டம் தடுக்க முடியுமா? எந்தப் பாகுபாட்டுச் சட்டத்தை எடுத்தாலும் மூன்று விஷயங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். எந்தெந்தக் காரணங்களுக்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று அது பட்டியல் போடுகிறது? எந்த இடத்தில், அதாவது வேலையிலா, பள்ளியிலா, சொத்து விவகாரத்திலா? யார் செய்தால் தப்பு, அரசாங்கம் மட்டுமா, தனியாரும் சேர்த்தா? வழக்கறிஞர் இல்லாமலேயே இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தை ஓரளவு எடை போட்டுவிடலாம். பட்டியலில் இல்லாத காரணத்துக்குப் பாதுகாப்பும் கிடையாது. இதை நன்றாகப் புரியவைக்கும் கதை அமெரிக்காவில் நடந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டு நம் ஊருக்கு வருகிறேன்.

1964-ல் அமெரிக்கா குடிமை உரிமைகள் சட்டத்தைக் கொண்டு வந்தது. அதன் ஆறாவது பகுதி, மத்திய அரசின் பணம் போகும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பூர்வீகம் பார்த்து ஒதுக்கக்கூடாது என்றது. பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் அரசுப் பணம் வாங்குபவை, ஆகவே அவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் அந்தப் பட்டியலில் பாலினம் இல்லை. அதே சட்டத்தில் வேலைவாய்ப்பு பற்றிய ஏழாவது பகுதியில் பாலினம் இருந்தது. ஆனால் கல்வி நிலையங்களில் கற்பிப்பவர்களுக்கு அங்கே விலக்கு. 1963-ல் வந்த சம ஊதியச் சட்டமோ பேராசிரியர்கள் போன்ற நிபுணர்களைச் சேர்க்கவில்லை. மூன்று பக்கம் வேலி போட்டு, பள்ளிக்கூடப் பக்கத்தை மட்டும் திறந்து வைத்த மாதிரி. பல மருத்துவக் கல்லூரிகள் நூற்றுக்கு ஐந்து, பத்து இடங்களுக்கு மேல் பெண்களுக்குத் தருவதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தன. அது சட்டப்படி தப்பும் இல்லை.

இந்த ஓட்டையைக் கவனித்தவர்களில் ஒருவர் பெர்னிஸ் சாண்ட்லர். 1969-ல் முனைவர் பட்டம் வாங்கியவர், மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாகக் கற்பித்துக்கொண்டிருந்தார். துறையில் வேலைகள் காலியாக இருந்தும் அவரை ஒன்றுக்கும் எடுக்கவில்லை. ஏன் என்று சக ஆசிரியர் ஒருவரைக் கேட்டபோது, பெண் என்று பார்த்தால் நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே முன்னுக்கு வந்து பேசுகிறீர்கள் என்ற பொருளில் பதில் வந்தது. வீட்டுக்குப் போய் அழுதுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவர் நூலகத்துக்குப் போய், கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டம் எந்தச் சட்டங்களைப் பயன்படுத்தியது என்று படிக்க ஆரம்பித்தார். ஓர் அரசாங்க அறிக்கையின் அடிக்குறிப்பில் விஷயம் இருந்தது: மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்பவர்கள் பாகுபாடு காட்டக்கூடாது என்ற அதிபர் ஆணையில், பின்னர் ஒரு திருத்தத்தின் வழி பாலினமும் சேர்க்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழகங்களும் அரசு ஒப்பந்தக்காரர்கள்தானே! அந்த ஒரு அடிக்குறிப்பை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 250 கல்வி நிலையங்கள் மேல் புகார் போனது. அடிக்குறிப்பைப் படிக்காமல் தாண்டும் பழக்கம் எனக்கும் உண்டு. இந்தக் கதையைப் படித்த பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

புகார் கொடுப்பது ஒன்று, சட்டம் கொண்டு வருவது இன்னொன்று. அதற்கு உள்ளே இருப்பவர் வேண்டும். ஓரிகன் மாநிலத்திலிருந்து 1955 முதல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் இருந்த எடித் கிரீன் அந்த ஆள். அரசியலுக்கு வருமுன் பள்ளி ஆசிரியை. கல்வித் துணைக் குழுவின் தலைவர் என்ற முறையில் 1970-ல் ஏழு நாள் விசாரணை நடத்தினார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள், ஒரே வேலைக்குக் குறைந்த சம்பளம் வாங்கியவர்கள், பதவி உயர்வுக்காகக் காத்தே ஓய்ந்தவர்கள் பற்றிய சாட்சியமும் புள்ளிவிவரமும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டின. சாண்ட்லரே பின்னர் குழுவில் வேலைக்குச் சேர்ந்து அந்தப் பக்கங்களைத் தொகுத்தார். விசாரணை என்றதும் நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். ஆனால் “எங்கே பாகுபாடு, காட்டு பார்ப்போம்” என்று கேட்பவர்களின் வாயை அடைப்பது அந்தக் கட்டுதான்.

கிரீன் முதலில் நினைத்தது, 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாவது பகுதியிலேயே பாலினத்தைச் சேர்த்துவிடலாம் என்று. அந்தப் பகுதியைத் திருத்தத் திறந்தால், இன உரிமையைப் பிடிக்காதவர்கள் அதையும் சேர்த்துப் பலவீனமாக்கிவிடுவார்கள் என்ற பயம் எழுந்தது. நியாயமான பயம்தான். அதனால் 1972-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத் திருத்தங்களில் தனியாக ஒரு பகுதி எழுதினார்கள். ஆதரவாளர்களிடம் கிரீன் சொன்னதோ, தயவுசெய்து யாரும் இதற்காகப் பிரசாரம் செய்ய வேண்டாம் என்று. சத்தம் போட்டால் எதிர்ப்பவர்கள் இதில் என்னென்ன அடங்கும் என்று உட்கார்ந்து படித்துவிடுவார்களாம்! மேலவையான செனட்டில் இந்தியானா மாநிலத்தின் பர்ச் பை என்ற ஆண் உறுப்பினர் அதை எடுத்துச் சென்றார். 1972 ஜூன் 23-ஆம் தேதி அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். அந்தப் பகுதிக்கு ஒன்பதாம் எண். அதனால்தான் உலகம் அதை டைட்டில் நைன் என்று கூப்பிடுகிறது. அன்று பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களில் பெண்கள் 13 பேர்தான்.

சட்டத்தின் முதல் வாக்கியம் ஆங்கிலத்தில் 37 சொற்கள். மத்திய அரசின் நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலின அடிப்படையில் யாரையும் விலக்கவோ, பயனை மறுக்கவோ, பாகுபாட்டுக்கு ஆளாக்கவோ கூடாது என்பது அதன் சாரம். மூன்று கேள்விகளையும் போட்டுப் பாருங்கள். காரணம் பாலினம். இடம் கல்வி. யார் என்றால், அரசுப் பணம் வாங்கும் எவரும், தனியார் பல்கலைக்கழகமாக இருந்தாலும். “யாரையும்” என்பதில் ஆண் பிள்ளைகளும் உண்டு. பணத்தை வாங்கினால் நிபந்தனையையும் ஏற்க வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். விலக்குகளும் உண்டு: தங்கள் கொள்கைக்கு முரண் என்று சொல்லும் சமயப் பள்ளிகள், இராணுவக் கல்லூரிகள், தனியார் கல்லூரிகளின் இளநிலைச் சேர்க்கை.

இதில் என்னை அதிகம் கவர்ந்தவர் பேட்சி மிங்க். ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பெண். தோட்டத் தொழிலுக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் பேத்தி என்பதால் நம்மவர்களுக்கு அவர் கதை அந்நியமாகப் படாது. மருத்துவராக ஆசைப்பட்டு 1948-ல் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார், ஒன்றிலும் இடமில்லை. சட்டம் படிக்கச் சிகாகோ பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது, அதுவும் வெளிநாட்டு மாணவி என்று தப்பாக நினைத்து! படித்து முடித்ததும் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்த பெண் வழக்கறிஞரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. அரசியலுக்கு வந்தார். 1964 தேர்தலில் வென்று, பிரதிநிதிகள் சபைக்குப் போன முதல் வெள்ளையரல்லாத பெண் ஆனார். கிரீனோடு அதே கல்விக் குழுவில் இருந்து டைட்டில் நைனுக்காக உழைத்தார்.

சட்டம் வந்ததும் வேலை முடியவில்லை. விளையாட்டுக்கும் இது பொருந்தும் என்று தெரிந்ததும் பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொண்டன. பெண்கள் அணிக்கும் பணம் ஒதுக்க வேண்டுமே! 1975 ஜூலையில் விளையாட்டை விலக்கும் முயற்சி சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. மிங்க் அதை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தார். வாக்கெடுப்பு நேரத்தில், நியூயார்க் மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் கார் விபத்தில் சிக்கினார் என்று செய்தி வந்தது. அவர் சபையை விட்டு ஓடினார். 212-க்கு 211 என்று ஒரே வாக்கில் அவர் தரப்பு தோற்றது. நடந்ததை அறிந்த சபை மறுநாள் மறுவாக்கெடுப்பு நடத்தியது. 215-க்கு 178 என்று முடிவு திரும்பியது. மகள் பிழைத்துக்கொண்டார். சட்டமன்றத்தில் ஓர் இருக்கைக்கு என்ன மதிப்பு என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

மறைமுகப் பாகுபாடு என்றேனே, அதற்கும் ஓர் உதாரணம் இங்கேயே இருக்கிறது. 39 வயதுத் தாதி ஒருவர் சிகாகோவில் இரண்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார். முப்பது வயதைத் தாண்டியவர்களைப் பொதுவாக எடுப்பதில்லை என்ற நடைமுறை குறுக்கே நின்றது. விதியில் பெண் என்று எங்கும் இல்லை. ஆனால் பிள்ளை பெற்று வளர்த்துவிட்டுப் படிக்க வருகிறவர்கள் யார்? அவர் வழக்குப் போட்டார். பாதிக்கப்பட்டவர் நேராகவே நீதிமன்றம் போகலாம் என்று 1979-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய வெற்றி, மற்றவர்களுக்கு. அவருக்கு மட்டும் கடைசிவரை இடம் கிடைக்கவில்லை.

1984-ல் ஒரு தீர்ப்பு, பணம் வாங்கும் பிரிவுக்கு மட்டுமே இந்தச் சட்டம் என்று சுருக்கியது. 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், அதிபர் ரேகனின் மறுப்பையும் மீறி, முழு நிறுவனத்துக்கும் பொருந்தும் என்று திருத்தியது. சட்டம் வருமுன் உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அணிகளில் ஏறக்குறைய 3 லட்சம் பெண் பிள்ளைகள். பிறகு அது 30 லட்சத்தைத் தாண்டியது. மிங்க் 2002 செப்டம்பரில் இறந்தார். அந்த ஆண்டே சட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

இங்கே கதை வகுப்பறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதாவது ஆசிரியைகளிடமிருந்து தொடங்குகிறது. சுதந்திரம் கிடைத்த காலத்தில் ஆசிரியைகளுக்கு ஆசிரியர்களைவிடச் சம்பளம் குறைவு. அதே வகுப்பு, அதே பாடம், அதே நாற்பது பிள்ளைகள். ராசம்மா பூபாலன் 1960-ல் பெண் ஆசிரியர்களுக்கென்றே தொழிற்சங்கம் தொடங்கிப் போராடினார். பதின்ம வயதில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனவருக்கு, கல்வி அமைச்சு பெரிய பயத்தைத் தந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்தப் பத்தாண்டின் முடிவில் சம ஊதியக் கொள்கையை அரசாங்கம் ஏற்றது. சாண்ட்லரைப் போல இவரும் வெளியிலிருந்து கதவைத் தட்டியவர்.

உள்ளே இருந்தவர்கள் மிகச் சிலர். 1952-ல் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் வென்ற தேவகி கிருஷ்ணன், மலாயாவில் தேர்தல் வழிப் பொதுப் பதவிக்கு வந்த முதல் பெண். 1955 பொதுத் தேர்தலில் வென்ற பெண் ஹலிமாத்தோன் அப்துல் மஜித் ஒருவர்தான். 1969-ல் ஃபாத்திமா ஹாஷிம் முதல் பெண் அமைச்சர். பினாங்கில், 2013 முதல் 2022 வரை பத்து காவான் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகக் கஸ்தூரிராணி பட்டு இருந்தார். 2022 தேர்தலுக்குப் பிறகும் மக்களவையின் 222 பேரில் பெண்கள் ஏழில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. உள்ளே போனவர்களுக்கும் மரியாதை சும்மா கிடைத்துவிடவில்லை. 2007-ல் நாடாளுமன்றக் கூரை ஒழுகியதைப் பற்றிப் பத்து காஜா உறுப்பினர் ஃபோங் போ குவான் பேசியபோது, பத்து காஜாவும் மாதாமாதம் ஒழுகுகிறதே என்று ஆண் உறுப்பினர்கள் கிண்டலடித்தார்கள். மாதவிலக்கை வைத்து, மக்களவையில்.

இப்போது கூட்டரசு அரசியலமைப்பைத் திறந்து மூன்று கேள்விகளைப் போடுவோம். 8ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. இரண்டாவது உட்பிரிவு காரணங்களைப் பட்டியலிடுகிறது: சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம். 2001 வரை பாலினம் அதில் இல்லை. மலேசியா 1995-ல் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐநா உடன்படிக்கையில் சேர்ந்தது. மகளிர் அமைப்புகள் விடாமல் கேட்டன. 2001-ல் திருத்தம் வந்து பாலினமும் சேர்ந்தது.

அடுத்து 12ஆவது பிரிவு. கல்வியைப் பற்றியது இதுதான். அரசாங்கக் கல்வி நிலையங்களை நடத்துவதிலும், குறிப்பாக மாணவர் சேர்க்கையிலும் கட்டணத்திலும், உதவி நிதி தருவதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. எந்தக் காரணங்களால்? சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம். 2001-ல் 8ஆவது பிரிவுக்கு வந்த பாலினம், 12ஆவது பிரிவுக்கு வரவில்லை. 1964-ல் அமெரிக்கச் சட்டத்தில் இருந்த அதே ஓட்டை, அதே இடத்தில், பள்ளிக்கூட வாசலில்.

இதனால் பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பே இல்லை என்று அர்த்தமல்ல. 12ஆவது பிரிவு, 8ஆவது பிரிவின் பொதுத் தன்மைக்குப் பாதகமின்றி என்றுதான் தொடங்குகிறது. சமத்துவம் என்ற பொதுக் கூரை மேலே இருக்கிறது. 8ஆவது பிரிவின் திருத்தம் பலன் தந்தும் இருக்கிறது. அரசாங்கப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக நியமிக்கப்பட்ட ஒரு பெண், கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும் நியமனத்தை ரத்து செய்தார்கள். அவர் வழக்குப் போட்டார். 2011-ல் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சாலேஹா யூசோஃப், இது பாலினப் பாகுபாடுதான் என்று, அந்த ஐநா உடன்படிக்கையையும் எடுத்துக்காட்டித் தீர்ப்பளித்தார். ஆனால் கவனியுங்கள், அது வேலை பற்றிய வழக்கு. 8ஆவது பிரிவு அரசாங்க வேலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மாணவர் சேர்க்கையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது 12ஆவது பிரிவு. கர்ப்பமான ஆசிரியை பிடித்துக்கொள்ள வெளிப்படையான ஒரு வரி இருந்தது. மாணவியின் வழக்கறிஞர் சுற்றி வளைத்துத்தான் வாதிட வேண்டியிருக்கும்.

மூன்றாவது கேள்வி, யார் செய்தது? கர்ப்பமானால் விலக வேண்டும் என்ற ஒப்பந்த விதியால் வேலை இழந்த விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், அரசியலமைப்பின் பாதுகாப்பு அரசுக்கு எதிராகத்தான், தனியாருக்கு எதிராக அல்ல என்று 2005-ல் முடிவானது. நம் பிள்ளைகள் எத்தனை பேர் தனியார் கல்லூரிகளில் கடன் வாங்கிப் படிக்கிறார்கள்! செந்தூல் பெண் போனதும் தனியார் கல்லூரிதான். அரசியலமைப்பு அவளுக்கு அந்த நேர்காணல் அறையில் துணைக்கு வராது. பாலியல் தொல்லை விஷயத்தில் மட்டும் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது: 2022-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் அரசு, தனியார் என்று பிரிக்கவில்லை. அதற்கென அமைந்த தீர்ப்பாயம் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு தர உத்தரவிடலாம்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஒன்று நடந்தால், முதல் வேலை காரணத்தை எழுத்தில் கேட்பது. வாயால் “பெண்பிள்ளைக்கு எதற்கு” என்று சுலபமாகச் சொல்பவர்கள், கடிதத்தில் அதை எழுதத் தயங்குவார்கள். சில சமயம் அந்தத் தயக்கத்திலேயே இடம் கிடைத்துவிடும். அரசுப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி இலாகா, அதற்கு மேல் மனித உரிமை ஆணையமான சுஹாகாம். அப்புறம் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம், அவர் ஆணாக இருந்தாலும் சரி. அங்கே போகும்போது தனிப் புகாரோடு 12ஆவது பிரிவைப் பற்றியும் கேட்டு வையுங்கள். அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அந்தப் பட்டியலில் பாலினத்தைச் சேர்க்க இன்றைய மக்களவையில் 148 வாக்குகள் தேவை. எல்லாக் கட்சிப் பெண் உறுப்பினர்களும் ஒன்று சேர்ந்தாலும், நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் கை தூக்கியாக வேண்டும்.